ராஜா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் புதிதாகச் சேரும் உங்கள் இரண்டு பேரில் யார் உட்காரப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதன் இடது பக்கச் சக்கரம் ஆடும். சாய்ந்தால் கவிழும். ஆறு வருடத்தில் நான்கு முறை கவிழ்ந்திருக்கிறேன், நான்கு முறையும் பக்கத்து மேசை நித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கடுப்பு.

எனக்கு இருபத்தெட்டு வயது. இந்த வயதில் ‘பணி ஓய்வு’ என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். நீடாமங்கலத்தில் அப்பா நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடுகிறார், இனி அதைப் பார்க்கப் போகிறேன். சார் உங்களுக்கு நாணயங்களைப் பற்றிச் சொல்லித் தருவார். தராசு, லென்ஸ், கையுறை எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அவர் சொல்லித் தராத ஒன்றை மட்டும் நான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்து மேசையில் உங்களைவிடக் கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தால் உங்கள் மண்டைக்குள் என்ன நடக்கும் என்பதுதான் அது.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். தஞ்சாவூரில், மருந்துக்கடைக்கு மேலே, ஒரு மாடி அறை. யாராவது பழைய காசு கொண்டுவருவார்கள். அசலா நகலா என்று பார்த்து, சார் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தருவார். அந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் அந்தக் காசைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. கொண்டுவந்தவரிடம் கதை கேட்கக் கூடாது, ஏனென்றால் கதை கேட்டால் கண் கெட்டுவிடும் என்பது சாரின் கட்சி. பார்த்ததை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, அந்த பிஸ்கட் டின்னில் போட வேண்டும். இரண்டு சீட்டும் ஒன்றாக இருந்தால் கடிதம் தயார். வேறு வேறாக இருந்தால் மட்டும்தான் சார் அந்த ஆளை உள்ளே கூப்பிட்டு, “இப்ப சொல்லுங்க, இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?” என்று கேட்பார்.

இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெடுத்தது இதைத்தான்.

நானும் நித்யாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் போலீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஸ்கூட்டர் ஓட்டப் பயப்படுவாள், தயிர்சாதத்துக்கு மிக்சர் தொட்டுக்கொள்வாள். அவளிடம் குறை சொல்ல எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பயிற்சிக்காகச் சார் கொடுத்து, நான் மூன்று நாள் புத்தகம் புரட்டிக் கண்டுபிடிக்காத ஒரு செப்புக் காசை, அவள் கை கழுவப் போகிற வழியில் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “தலைகீழா வச்சிருக்க விக்கி” என்றாள். திருப்பினேன். உடனே தெரிந்தது. அன்று நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

என் சீட்டு ஒரு பக்க நீளம் இருக்கும். அவளுடையது மூன்று வரி. சார் எப்போதும் முதலில் அவளுடையதைத்தான் பிரிப்பார். பிறகு என்னுடையதைப் பிரித்து, நீளத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுகளை நான் ஒரு காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆமாம், அவ்வளவு மோசம்.

போன வருடம் ஒரு காலை, தரங்கம்பாடியிலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். மீன் ஏலம் எடுத்து விற்கிறவர், குரல் மாடிப்படியிலேயே கேட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிக் காசை டிரேயில் வைத்தார்.

“அசலா டூப்ளிகேட்டா, அத மட்டும் சொல்லுங்க தம்பி. மத்தியானத்துக்குள்ள ஊருக்குப் போகணும்.”

கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காசு. பார்த்ததும் லென்ஸை எடுத்தேன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக் கடை விரித்திருந்த காலத்தில் அடித்தது. அந்த வகையை அதுவரை புத்தகப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு முகத்தில் பின்னிக் கிடக்கும் எழுத்துகள், அதற்கு மேலே ஒரு கிரீடம். மறு முகத்தில் கேடயம், அதற்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சிங்கம்.

அந்தக் கிரீடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த டேனிஷ் ராஜா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காசில் அவர் முகமும் இல்லை. பெயரின் எழுத்தையும் தலையில் வைக்கும் கிரீடத்தையும் மட்டும் வெள்ளியில் அடித்து அனுப்பிவிட்டார். நான் அங்கே இல்லை, ஆனால் உன் கையில் இருக்கிறேன் என்று அர்த்தம். முகமே இல்லாமல் ஒரு ராஜா. யோசித்துப் பார்த்தால் செம திமிர்.

ஆனால் இந்தக் காசில் அந்தக் கிரீடம் கிட்டத்தட்ட அழிந்திருந்தது. அந்த முகம் முழுவதும் சோப்பு மாதிரி வழவழப்பு. மறு முகத்திலோ சிங்கத்தின் வால் நுனிகூடத் தெளிவாக இருந்தது. விளிம்பில், கிரீடத்துக்கு மேலே, அருகருகே இரண்டு சின்னத் தழும்புகள்.

கோட்டைப் பக்கம் வருகிறவர்களிடம் விற்பதற்கென்று வெள்ளியிலேயே வார்த்த நகல்கள் உண்டு. அதனால் வெள்ளிதான் என்று தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை. வார்த்த காசில் கோடுகள் மழுங்கியிருக்கும். உலோகம் ஊற்றிய வாய் விளிம்பில் தழும்பாக நிற்கும், அதை அரத்தால் தேய்த்திருப்பார்கள். படித்தவர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது படித்த விஷயம் இல்லை. என் அம்மாவின் இரும்புப் பெட்டியில் ஒரு நாலணாக் காசு கிடக்கிறது. குழந்தையாக இருந்தபோது என் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தது. அதன் விளிம்பிலும் அருகருகே இரண்டு வளையம் பற்றவைத்திருக்கும். ஒரு வளையம் என்றால் காசு சுழலும். இரண்டில் கயிறு நுழைந்தால் திரும்பாது, ஒரே முகம்தான் வயிற்றில் உரசும். அந்த முகம் தேயும், மற்றது அப்படியே இருக்கும். இந்தக் காசும் அதேதான். வளையங்கள் போய்விட்டன, பற்றவைத்த தழும்பு மட்டும் மிச்சம்.

எழுதினேன்: “அசல். அபூர்வம். குழந்தைகள் இடுப்பில் கிடந்த காசு. தேய்ந்த முகம் வயிற்றுப் பக்கம்.” என் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய சீட்டு.

மடிக்கப் போகும்போது நித்யா தன் சீட்டை டின்னில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். சார் பால்கனியில் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். டின் மூடி பாதி திறந்திருந்தது.

இந்த முறையாவது அவளுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேனா, இல்லை அவளும் இதையே எழுதிவிட்டாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் என் சீட்டை மடிக்க முடியவில்லை. எடுத்துப் பிரித்தேன்.

“வார்ப்பு நகல். ஒரு முகம் மழுங்கல். விளிம்பில் ஊற்றுவாய்த் தழும்பு.”

நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். அவள் தவறு, நான் சரி. ஐந்து வருடமாகக் காத்திருந்த நாள். ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. அவள் எப்போது தவறியிருக்கிறாள்? நாலணாக் காசை வைத்து இதைப் பேசினால் சார் சிரிப்பார், அவள் சிரிக்கமாட்டாள், அது அதைவிடக் கேவலம். பொறாமைப்படுகிறவன் எதிராளியைத்தான் தாழ்வாக நினைப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவன் தன் கண்ணைத்தான் முதலில் நம்பாமல் போகிறான்.

என் சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டேன். புதுத் தாளில், அவளைப் போலவே மூன்று வரியில், வார்ப்பு நகல் என்று எழுதி உள்ளே போட்டேன்.

சார் வந்து இரண்டையும் பிரித்தார். “என்னடா விக்கி, மூணே வரி? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். பிறகு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “பரவால்ல. இப்பத்தான் ஒனக்குக் கண்ணு தெறந்திருக்கு” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. சீட்டுகள் ஒன்றாக இருந்ததால் யாரும் அஞ்சலை அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. சார் கையெழுத்துப் போட்டார். கடிதத்தைக் கொடுத்து வழியனுப்ப நான்தான் படி வரைக்கும் போனேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “அப்ப இத உருக்கிடலாம்ல தம்பி?”

“உருக்கவா?”

“மருமவன் சிங்கப்பூர்ல இருக்காரு. இது கோட்டைக்கிட்ட விக்கிற டூப்ளிகேட்டு, அத என் புள்ள இடுப்புல கட்டாதீங்கன்னு போன்ல ஒரே சண்டை. நாளைக்கு முப்பதாம் நாளு, பேரனுக்கு அரைஞாண் கட்டணும். அசல்னு கடிதாசி வாங்கி அவரு மொகத்துல வீசலாம்னு வந்தேன். சரி, போவுது. பொறையார்ல நம்ம பத்தரு இருக்காரு. உருக்கி ரெண்டு கால் காப்பா அடிச்சிட வேண்டியதுதான்.”

அவர் காசை மறுபடி முந்தானையில் முடிந்தார்.

“எங்க வீட்ல ஒம்போது புள்ளைங்க இடுப்புல கெடந்துச்சு தம்பி இது. கிரீடம் வயித்தப் பாத்துதான் இருக்கணும்னு எங்க மாமியா சொல்லும். ராஜா புள்ளையப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம். டூப்ளிகேட் ராஜாவா இத்தன வருசம் பாத்தான்?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. படி இறங்கிப் போனார்.

நான் சரி என்பது அப்போதே உறுதியாகிவிட்டது, புரிகிறதா? கூப்பிட்டிருக்கலாம். பன்னிரண்டு படி. மேலே சார் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இன்னும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டு ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஒரு மணிக்கு நித்யா டப்பாவைத் திறந்தபடி என் மேசைக்கு வந்தாள். அவளாக வந்தது அதுதான் முதல் தடவை.

“விக்கி, தேங்க்ஸ்டா.”

“எதுக்கு?”

“அந்தக் காசு. எனக்கு நிச்சயமே இல்ல. சிங்கம் அவ்ளோ ஷார்ப்பா இருக்கு, வார்ப்புன்னா எப்படி? கேள்விக்குறி போட்டுட்டு அடிச்சேன். நீ வேற மாதிரி எழுதுவ, சார் அந்தம்மாவ உள்ள கூப்பிடுவாரு, அப்ப கேட்டுக்கலாம்னு நெனச்சேன். நீயும் அதையேதான் எழுதியிருக்கன்னதும் நிம்மதி ஆயிடுச்சு. ஒன் கண்ணு எப்பவும் வேற எதையோ பாக்கும்ல.”

மிக்சரை என் பக்கம் தள்ளினாள்.

ஐந்து வருடம் நான் அவள் சீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் அத்தனை நாளும் என் சீட்டை நம்பித் தைரியமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டைப் பையிலிருந்து கிழிந்த துண்டுகளை எடுத்து அவள் டப்பா மூடியில் வைத்தேன். அவள் ஒன்றுசேர்த்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“டின்ன தெறந்து பாத்தியா?”

“ஆமா.”

“எப்பவுமேவா?”

“இன்னைக்கு மட்டும். சத்தியமா.”

“இது தெரிஞ்சும் என்னுதையா காப்பி அடிச்ச? லூசாடா நீ?”

அஞ்சலை அம்மா காசை உருக்கப் போகும் விஷயத்தைச் சொன்னேன். அவள் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பதிவேட்டில் இருந்த போன் நம்பர் மருமகனின் சிங்கப்பூர் நம்பர். அனுப்பிய மெசேஜுக்கு ஒற்றை டிக்தான் வந்தது.

“சாவி எங்க?” என்றாள். ஸ்கூட்டருக்கே பயப்படுகிறவள் என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கும்பகோணம் தாண்டியதும் சாலையில் பாதியை நெல் அடைத்துக் கிடந்தது. காயப் போட்டவர்கள் கல் வரிசை வைத்து மறித்திருந்தார்கள். நான் ஹாரன் அடித்ததற்கு ஒருவர், “மெதுவா போ தம்பி, ஒன் சோறுதான் இது” என்றார். குத்தாலத்தில் நித்யா காதருகில் கத்தினாள். “எனக்கு அரைஞாண் காசுல ரெண்டு வளையம் இருக்கும்னே தெரியாதுடா. அத நீதான் பாத்த. எவ்ளோ நல்லா பாத்திருக்க!” அதில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. அடுத்தவன் கண்டுபிடித்ததில் ஒரு மனுஷிக்கு அப்படிச் சந்தோஷம் வருமா என்று எனக்கு எரிந்தது. அந்த நேரத்திலும்.

பொறையாரில் பத்தர் கடையைக் கண்டுபிடிக்க நாலு மணி ஆகிவிட்டது. அஞ்சலை அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கை மூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் பத்தர் ஆரம்பித்தார்.

“நீங்களாவது கேளுங்க. ரெண்டரை மணியிலேர்ந்து உக்காந்திருக்கு இந்தம்மா. உருக்குன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கரி எரிஞ்சு வீணாப் போவுது.”

அஞ்சலை அம்மா கையைத் திறந்தார். காசு இருந்தது. ஆனால் வழவழப்பாக இருந்த முகத்தில், மிச்சமிருந்த கிரீடத்துக்குக் குறுக்கே, புதிதாக ஒரு உளி வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க உருக்குவதற்கு முன் வெட்டிப் பார்ப்பார்களாம். வெட்டின் விளிம்பு பளபளவென்று நிமிர்ந்து நின்றது.

“வெட்டுன சத்தம் எனக்கு வயித்துல கேட்டுச்சு பாப்பா” என்று நித்யாவிடம் சொன்னார். “நிறுத்துய்யான்னுட்டேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல.”

நித்யா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அசல்தான், எனக்குக் காலையிலேயே தெரியும், அவள் எழுதியதைப் பார்த்து எழுதினேன் என்று எல்லாவற்றையும்.

அஞ்சலை அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தார். “காப்பி அடிச்சியா?”

“ஆமாம்மா.”

“தப்பான விடையப் பாத்து?”

“ஆமா.”

“எம் மூத்தவன் பத்தாவதுல பண்ண வேல இது. அவனாச்சும் நல்லா படிக்கிற பயலப் பாத்து எழுதி பாஸ் ஆனான்.” பத்தர் சிரித்துவிட்டார். அஞ்சலை அம்மா சிரிக்கவில்லை. “ஒம்போது புள்ளைங்க இடுப்புல கெடந்தத நானே சந்தேகப்பட வச்சிட்டியே தம்பி.”

 

பத்தர் வெட்டின் பிசிறை அரத்தால் தேய்த்துத் தருவதாகச் சொன்னார். “இனி ஒரு ஆயுதம் படக் கூடாது இதுல” என்று கையை இழுத்துக்கொண்டார் அஞ்சலை அம்மா. இரண்டு வளையம் மட்டும், பழைய தழும்பின் மேலேயே வைக்கச் சொன்னார். பிறகு காசை இப்படியும் அப்படியும் திருப்பினார். கிரீடம் வயிற்றுப் பக்கம் இருந்தால் பிசிறு குழந்தையைக் கீறும். காசைத் திருப்பினார். சிங்கம் உள்ளே, ராஜா வெளியே.

“பரவால்ல. ராஜா இனிமே வெளியவே பாக்கட்டும். புள்ளையவிட ஒங்கள மாதிரி ஆளுங்களத்தான் பாத்துக்கணும் போலருக்கு.”

மறுநாள் சாரிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை. “ரெண்டு பேரு பாத்ததுன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழைய கடிதத்தின் நகலைக் கிழித்தார். புதுக் கடிதம் எழுத நித்யா உட்கார்ந்தாள். அதில் ‘சேதம்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். உளி வெட்டு, அண்மையில் ஏற்பட்டது என்று எழுதினாள். காரணத்தில் நான் என் பெயரைச் சொல்வதற்குள், “எங்கள் மதிப்பீட்டுத் தவறு” என்று எழுதி முடித்துவிட்டாள். அந்த ‘எங்கள்’ எழுத அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நானாக இருந்தால் யோசித்திருப்பேன். யோசித்து வேறு சொல் எழுதியிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு, பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். படுவீர்கள். பக்கத்து மேசையில் ஒரு நித்யா இருந்தால் அது வரத்தான் செய்யும். உங்கள் சீட்டை எழுதி, மடித்து, டின்னில் போட்டுவிட்டுப் பொறாமைப்படுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுங்கள். உங்கள் கண் பார்த்ததை உங்கள் கையே கிழிக்க விடாதீர்கள். உள்ளே வந்து கதை சொல்ல வேண்டிய ஒரு ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சீட்டு மற்றவர் சீட்டிலிருந்து வேறாக இருந்தால்தான் அவருக்குக் கதவு திறக்கும்.

ஒரு மாதம் கழித்து அஞ்சலை அம்மாவின் மகள் ஒரு போட்டோ அனுப்பினார். எனக்கு இல்லை, நித்யாவுக்கு. அவள்தான் எனக்கு ஃபார்வர்டு செய்தாள். குழந்தை மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருக்கிறான். இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு, தொப்புளுக்குப் பக்கத்தில் காசு. தேய்ந்துபோன கிரீடம், குறுக்கே வெட்டு.

ராஜா என்னைத்தான் பார்க்கிறார்.